ஸ்லோவில் நிற்காத சிறு மோட்டார் சைக்கிள்

பழவேற்காடு ஏரியை ஒட்டிய கிராமங்களில் கீரைக் கட்டு, பால் கேன், மீன் கூடை, உர மூட்டை, மருந்து தெளிப்பான் ஆகிய எல்லாமே இன்று மொபெட்டிலும் 100 சி.சி. மோட்டார் சைக்கிளிலும்தான் ஏறிப் போகின்றன. 1980ஆம் ஆண்டு ஓசூரில் தயாராகி வெளிவந்த டி.வி.எஸ். 50, இருவர் அமர்ந்து செல்லத்தக்க மொபெட்டாக அமைந்தது. அதன் பின் வந்த எக்ஸ்.எல். வகைகள் சிறு விவசாயியின் பார வண்டியாகவே ஆகிவிட்டன. மாட்டுக்குத் தீவனம் வைப்பது போல இதற்குப் பெட்ரோல் ஊற்றுகிறோம். ஆனால் மாட்டுக்கு நோய் வந்தால் காட்டும் கவனத்தை வண்டிக்குக் காட்டுவதில்லை.

இவ்வண்டிகளில் அடிக்கடி கேட்கும் குறை, ‘ஸ்லோ நிற்கவில்லை’ என்பதாகும். ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் எஞ்சின் அணைந்துவிடுகிறது. அல்லது ரேஸ் ஏறியும் இறங்கியும் தடுமாறுகிறது. விடியுமுன் சந்தைக்குப் புறப்படும் விவசாயிக்கு இது சிறு தொல்லையன்று. நான்கு முறை நின்று நான்கு முறை உதைத்துக் கிளப்பிப் போய்ச் சேருவதற்குள் வியாபாரி வேறொருவரிடம் வாங்கி முடித்திருப்பார். காட்டுப்பள்ளித் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரி பின்னால் வரும்போது, திருப்பத்தில் வண்டி அணைந்து நின்றால் நஷ்டம் பணத்தோடு போகாது.

இக்குறைக்கு ஊரில் கிடைக்கும் முதல் வைத்தியம், ஸ்லோ ஸ்க்ரூவை இரண்டு சுற்று முறுக்கி ரேஸைக் கூட்டி வைப்பதுதான். இது காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் தலையில் தைலம் தடவுவதை ஒக்கும். அதிலும் மொபெட்டில் இது ஆபத்தான வேலை. மொபெட்டுக்குக் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. எஞ்சின் வேகம் கூடினால் உள்ளிருக்கும் கிளட்ச் கட்டைகள் தாமாகவே விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ரேஸைக் கூட்டி வைத்த மொபெட், பின்னால் 50 கிலோ பாரத்துடன், சவாரி செய்பவர் கேட்காமலே முன்னே நகரும். பிரேக் கட்டை தேயும், கிளட்ச் தேயும், பெட்ரோலும் வீணாகும். இறக்கத்திலோ படகுத் துறைச் சரிவிலோ நிறுத்தும்போது வண்டி கையை மீறும்.

கடலோரத்தில் இக்குறை ஏன் அதிகம்

காட்டுப்பள்ளி, கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே மணல் திட்டாக நீண்டு கிடக்கும் நிலப்பகுதியில் உள்ளது. வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர் முகத்துவாரம். எந்தப் பக்கத்திலிருந்து காற்று வீசினாலும் உப்புநீரின் மேல்தான் வரவேண்டும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிந்து நீர் விடுவதைப் பெண்கள் நன்கறிவார்கள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைகிறது. கடலோர இரவுகளில் இந்த அளவு சர்வ சாதாரணம். வண்டியின் மேல் படிந்த உப்புத்தூளும் அவ்வாறே இரவில் நீராகி, பகலில் காய்ந்து, மீண்டும் இரவில் நீராகிறது. வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பும் கார்புரேட்டர் உடம்பில் வெள்ளைப் பொடியும் உண்டாவது இதனால்தான்.

இத்துடன் வேறு இரண்டு காரணங்களும் சேர்கின்றன. ஒன்று, மீன் கூடையிலிருந்து ஒழுகும் பனிக்கட்டி நீர். இது வெறும் நீரன்று, உப்பும் செதிலும் கலந்தது. பின்சக்கரத்திலிருந்து தெறித்து எஞ்சின் மேலும் வயர்கள் மேலும் படிகிறது. மற்றொன்று, இன்றைய பெட்ரோலின் தன்மை. 2022இல் நாட்டில் பெட்ரோலுடன் 10 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை எட்டப்பட்டது. 2025இல் அது 20 விழுக்காடாயிற்று. எத்தனால் என்பது கரும்புச் சாறு, கழிவுப்பாகு, தானியம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் சாராயம். கரும்பு விவசாயிக்கு இதனால் நன்மை உண்டு. ஆனால் சாராயத்திற்குத் தண்ணீர் மேல் ஆசை அதிகம். முன்பெல்லாம் பெட்ரோலில் விழுந்த நீர் தனியாக அடியில் நின்றது. இப்போது சிறிதளவு நீர் பெட்ரோலோடு கலந்தே இருக்கும். அளவு மீறினால் சாராயமும் நீரும் ஒன்றாகச் சேர்ந்து, திடீரெனப் பிரிந்து, டேங்கின் அடியில் இறங்கிவிடும். எஞ்சினுக்கு முதலில் போவது அந்த அடிச்சரக்குதான்.

எத்தனாலில் பிராணவாயு உள்ளது. எனவே வெறும் பெட்ரோலுக்காக அளவிட்டுச் செய்த பழைய கார்புரேட்டரில் இன்றைய பெட்ரோலை ஊற்றினால், கலவை சற்றே வறண்டதாக, அதாவது காற்று மிகுந்ததாக ஆகிறது. ஓடும்போது இது தெரிவதில்லை. ஸ்லோவில்தான் தெரியும்.

ஸ்லோ எவ்வாறு நிற்கிறது

எஞ்சினுக்கு எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது கார்புரேட்டரின் நடுவிலுள்ள பெரிய ஜெட் வழியாகப் பெட்ரோல் ஏறுகிறது. விட்டவுடன் அந்த வழி அடைபடுகிறது. அப்போது எஞ்சினை உயிரோடு வைத்திருப்பது ஸ்லோ ஜெட் என்னும் சிறு பித்தளைத் துண்டுதான். அதன் துளை அரை மில்லி மீட்டருக்கும் குறைவானது. ஒரு மணல் துகளோ, காய்ந்த பெட்ரோலின் பிசினோ, வெள்ளைப் பொடியில் ஒரு சிட்டிகையோ அதை அடைக்கப் போதும். வண்டி வேகமாக நன்றாக ஓடி, விட்டவுடன் மட்டும் அணைகிறதென்றால் பெரும்பாலும் குற்றவாளி இதுவே. டி.வி.எஸ். 50 போன்ற மிகப் பழைய மொபெட்டுகள் சிலவற்றில் தனி ஸ்லோ ஜெட் இல்லாமல் ஒரே ஜெட் மட்டும் இருப்பதுண்டு. அங்கே அந்த ஒன்றையே சுத்தம் செய்ய வேண்டும்.

100 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் சாதாரண ஸ்லோ வேகம் நிமிடத்திற்குச் சுமார் 1,300 முதல் 1,500 சுற்றுகள். மீட்டர் இல்லாத வண்டியில் காதுதான் மீட்டர். ஒவ்வொரு வெடிப்பும் சீராக, இடைவெளி மாறாமல் கேட்க வேண்டும்.

முதலில் கேள்வி, பிறகு ஸ்பேனர்

நல்ல கால்நடை மருத்துவர் மாட்டைத் தொடுவதற்கு முன் தீனி எடுக்கிறதா, எப்போதிலிருந்து என்று கேட்பார். வண்டியையும் அவ்வாறே விசாரிக்க வேண்டும். எப்போது அணைகிறது என்பதிலேயே பாதி விடை உள்ளது.

காலையில் சாக் இழுத்தால் நிற்கிறது, சாக்கைத் தள்ளினால் அணைகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்தால் காற்றுக் கசிவையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மாறாக, கரும்புகை வந்து, பெட்ரோல் வாடை அடித்து, பிளக் கரியாக இருந்தால் பெட்ரோல் மிகுதி. சாக் முழுவதும் திரும்பாமல் பாதியில் நிற்கலாம், ஏர் பில்டர் மணலும் தூசும் ஏறி அடைத்திருக்கலாம், மிதவை ஊசி சரியாக அமராமல் பெட்ரோல் வழியலாம்.

ஹேண்டிலைத் திருப்பும்போது ரேஸ் ஏறினாலோ அணைந்தாலோ கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். ஆக்ஸிலேட்டர் ஒயர் இழுபட்டு நிற்கிறது, அல்லது ஹேண்டிலுக்கு அடியில் மின்வயர் அறுந்துள்ளது. ஒயரில் சிறிதளவு தளர்வு இருக்க வேண்டும்.

சில கிலோமீட்டர் ஓடியபின் மெல்ல மெல்லத் திணறி அணைந்து, சற்று நேரம் கழித்துக் கிளம்பும் வண்டியில் டேங்க் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூடியின் சிறு துளை உப்பாலும் தூசாலும் அடைபட்டுள்ளது. ஒரு ரூபாய் செலவில்லை.

குளிர்ந்த நிலையில் நன்றாக நின்று, சூடேறியபின் மட்டும் அணையும் நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் டாப்பெட் இடைவெளி குறைந்திருக்கக்கூடும். சூட்டில் வால்வு நீண்டு, முழுவதும் மூடாமல், அழுத்தம் கசிகிறது. இடைவெளி மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. எஞ்சின் முழுவதும் ஆறியபின், கையேட்டிலுள்ள அளவுப்படி, பீலர் கேஜ் வைத்துப் பார்க்கத் தெரிந்தவரிடமே விட வேண்டும்.

பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். வண்டியில் வேறு இரு நோய்கள் உண்டு. சைலன்சரில் கரி அடைத்து மூச்சு முட்டுவது ஒன்று. கிராங்க் ஆயில் சீல் தேய்ந்து காற்று உறிஞ்சுவது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் நாமே வரவழைப்பது. பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் சாதாரணமாக லிட்டருக்கு 20 மி.லி. அளவில்தான் இருக்கும். ‘பாரம் ஏற்றுகிறோம், கூடக் கொஞ்சம் ஊற்றினால் எஞ்சினுக்குப் பலம்’ என்று இரு மடங்கு ஊற்றுவோர் பலர். பலம் கூடுவதில்லை, கரிதான் கூடுகிறது. படகு மோட்டாருக்கு வாங்கிய மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்து மொபெட்டில் கலப்பதும் இத்தகையதே. அது எளிதில் ஆவியாகாது. ஸ்லோவில் எரியாமல் தங்கிப் பிளக்கை நனைக்கும்.

வேலையைத் தொடங்கும் முறை

திறந்த வெளியில், நிழலில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் வேலை செய்ய வேண்டும். கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாடையில்லாத நஞ்சு.

முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். செலவில்லாத சோதனை இது. பிளக் முனை செங்கல் நிறமாகவோ இளம் பழுப்பாகவோ இருந்தால் எரிப்பு ஒழுங்காக உள்ளது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் மிகுதி, எண்ணெய்ப் பசை என்றால் ஆயில் எரிகிறது, சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் காற்று மிகுதி. பிளக் இடைவெளி பெரும்பாலான சிறு வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மில்லி மீட்டர். கேஜ் இல்லாதவர்கள் இரும்பு அறுக்கும் ஹேக்ஸா பிளேடின் பற்களில்லாத பின்விளிம்பைச் செருகிப் பார்க்கலாம், அதன் கனம் ஏறக்குறைய இதே அளவுதான். பிளக் தொப்பியையும் அதில் சேரும் வயர் முனையையும் பார்க்க வேண்டும். அங்கே பச்சைக் களிம்பு இருந்தால் அந்த முனையை அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகத் திருகிச் சேர்த்தால் பொறி பலப்படும். ஸ்லோவில் எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் பல வண்டிகளில் பொறி அப்போதுதான் பலவீனமாக இருக்கும். உப்புக் களிம்பின் தீமை அங்கே முதலில் தெரிகிறது.

அடுத்து, கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கிண்ணத்திலுள்ள பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். அடியில் முத்து முத்தாகவோ தனி அடுக்காகவோ வேறொரு நீர்மம் நின்றால் டேங்கில் நீர் புகுந்துள்ளது என்று பொருள். அப்படியானால் கார்புரேட்டரை மட்டும் கழுவிப் பயனில்லை. டேங்க் முழுவதையும் வடித்து, பெட்ரோல் டேப்பின் சல்லடையைக் கழற்றிக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். மறுநாளே மீண்டும் அதே கதை என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு வேலையைத் தவிர்த்தவர்களே.

நீர் டேங்கினுள் எவ்வாறு வருகிறது? மழை மட்டும் காரணமன்று. பகலில் சூடான டேங்கிலிருந்து காற்று வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்தபின், மூடித் துளை வழியே ஈரமான கடற்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. டேங்க் காலியாக இருக்க இருக்க உள்ளே போகும் ஈரம் அதிகம். மொபெட் டேங்க் 4 லிட்டர்தான் கொள்ளும். அதில் அரை லிட்டர் மட்டும் வைத்துக்கொண்டு நாளுக்கு நாள் ஐம்பது ரூபாய்க்கு ஊற்றுகிறவர்களின் வண்டி இக்குறைக்கு ஆளாவதில் வியப்பில்லை. கையில் காசு உள்ள அன்று மாலையில் நிரப்பி வைப்பது நல்லது. பங்க் இல்லாத ஊர்களில் பாட்டிலில் விற்கும் பெட்ரோலை ஊற்றுவோர், பழைய மென்மையான துணியில் வடிகட்டினால் மணல் தங்கும். நீர் தங்காது.

ஜெட் சுத்தம் செய்தல்

பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் அதன் வெளிப்புறத்தைத் தூரிகையால் நன்றாகத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியிலுள்ள மணல் உள்ளே குடிபுகும். காட்டுப்பள்ளி மணலில் இது முக்கியம். தார்ப்பாய் அல்லது பழைய வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் வேலை செய்தால் விழும் ஸ்க்ரூவும் கண்ணுக்குத் தெரியும்.

காற்று ஸ்க்ரூவைக் கழற்றுமுன், அதை மெதுவாக உள்ளே முறுக்கி, முட்டும்வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிச் சுவரில் கரியால் எழுதி வைக்க வேண்டும். ஒன்றரைச் சுற்றா, இரண்டா என்பது வண்டிக்கு வண்டி மாறும். எண்ணாமல் கழற்றியவர் பிறகு அரை நாள் தேடுவார். முட்டியபின் அழுத்தி முறுக்கக் கூடாது. ஊசி முனை பதிந்து துளை சிதைந்துவிடும்.

கிண்ணத்தைக் கழற்றி ஸ்லோ ஜெட்டைச் சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரால் எடுத்து வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். துளை முழு வட்டமாக ஒளி விட வேண்டும். அடைப்பு இருந்தால் பெட்ரோலிலோ கார்புரேட்டர் கிளீனரிலோ அரை மணி நேரம் ஊற வைத்து, சைக்கிள் பம்பால் எதிர்த் திசையிலிருந்து காற்று ஊத வேண்டும். ஊசி, குண்டூசி, இரும்புக் கம்பி எதையும் விடக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் குப்பைக்குத்தான். மிகவும் அவசியமானால் மின்வயரின் உள்ளிருக்கும் மெல்லிய செப்பு இழைகளில் ஒன்றை மட்டும் பயன்படுத்தலாம். ஜெட்டைப் போலவே, கார்புரேட்டர் உடம்பினுள் ஸ்லோவுக்காகச் செல்லும் நுண்ணிய பாதைகளிலும் காற்று ஊதி, மறுபுறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஜெட் பளபளத்தாலும் பாதை அடைத்திருந்தால் வண்டி நிற்காது. சில வகைகளில் ஸ்லோ ஜெட் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அதைப் பிடுங்க முயலாமல் இருந்த இடத்திலேயே ஊத வேண்டும்.

ஊதும்போது மிதவை, ரப்பர் வளையங்கள் ஆகியவற்றை முன்பே கழற்றிவிட வேண்டும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தால் உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சத்தம் கேட்கும். அத்தகைய மிதவை மூழ்கும், பெட்ரோல் வழியும். மிதவை ஊசியின் முனையில் பள்ளம் விழுந்திருந்தாலும் அதே கதி. ஒரு நாளைக்கு 200 மி.லி. வழிந்து வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் 25 நாளில் 5 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 500 ரூபாய். ஊசியின் விலை அதற்கு முன் ஒரு பொருட்டன்று. தவிர, திண்ணையில் நிறுத்திய வண்டியிலிருந்து ஒழுகும் பெட்ரோல், அடுப்பு எரியும் கூரை வீட்டுக்கு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. டேப் உள்ள வண்டியை நிறுத்தும்போதெல்லாம் டேப்பை மூடுவது பழக்கமாக வேண்டும்.

‘கார்புரேட்டரையே மாற்றிவிடுங்கள்’ என்று சொல்லும் கடைகள் உண்டு. அவசரப்பட வேண்டாம். மலிவான மாற்றுக் கார்புரேட்டர்களில் ஜெட் அளவு அந்த வண்டிக்கு உரியதாக இருப்பதில்லை. உப்பரித்து உடம்பில் குழி விழுந்த கார்புரேட்டரைத்தான் மாற்றியாக வேண்டும்.

திருட்டுக் காற்று

கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் மேனிபோல்டு பல வண்டிகளில் ரப்பர் கலந்தது. வெயிலிலும் பழைய பெட்ரோலிலும் அது வெடிக்கிறது. மேலுக்குத் தெரியாது. எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது இணைப்பைச் சுற்றிலும் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், வெடிப்பு உள்ள இடத்தில் அது உறிஞ்சப்பட்டு எஞ்சின் ஓசை மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். சூடான சைலன்சருக்கு அருகில் அது தீயை வலியக் கூப்பிடுவதாகும். வெடித்த மேனிபோல்டுக்கு எம்-சீல் பூசுவது சந்தை வரை போய் வர உதவும், அவ்வளவுதான்.

ஸ்லோ செட் செய்தல்

எல்லாவற்றையும் மாட்டியபின், வண்டியை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் செட் செய்த ஸ்லோ வழியில் மாறிவிடும். காற்று ஸ்க்ரூவைச் சுவரில் எழுதிய சுற்றுக்கு வைத்து, ஸ்லோ ஸ்க்ரூவால் ரேஸைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். இனி காற்று ஸ்க்ரூவைக் கால் சுற்று வீதம் இருபுறமும் மெல்லத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் பொறுத்துக் கேட்க வேண்டும். எந்த இடத்தில் ஓசை மிக வேகமாகவும் மிகச் சீராகவும் கேட்கிறதோ அதுவே உரிய இடம். அங்கே நிறுத்தி, ஸ்லோ ஸ்க்ரூவால் ரேஸைக் குறைக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரைச் சட்டென முறுக்கி விட்டால் எஞ்சின் இறங்கி வந்து அமைதியாக நிற்க வேண்டும். அணைந்தால் கலவையில் பெட்ரோலைச் சிறிது கூட்ட வேண்டும்.

எந்தப் பக்கம் திருப்பினால் பெட்ரோல் கூடும் என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. ஸ்க்ரூ ஏர் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே முறுக்கினால் காற்று குறைந்து பெட்ரோல் மிகும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் பெட்ரோல் மிகும். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஓடும் பழைய வண்டிக்கு முன்னைய அளவைவிடச் சிறிது பெட்ரோல் கூடுதலாகத் தேவைப்படுவது இயல்பு.

காற்று ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் ஓசையில் மாற்றமே இல்லையென்றால் ஸ்லோ பாதை இன்னும் அடைப்பில் உள்ளது, அல்லது காற்றுக் கசிவு தீரவில்லை. மேலும் முறுக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை. திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.

மொபெட்டுக்கு ஒரு கூடுதல் சோதனை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்லோவில் ஓடவிட்டால் பின்சக்கரம் லேசாகச் சுழலலாம். பின் பிரேக்கை மெல்ல அழுத்தினால் சக்கரம் நின்றுவிட வேண்டும், எஞ்சின் அணையக் கூடாது. சக்கரம் நிற்காமல் இழுத்தால் ரேஸ் அதிகம். அதைக் குறைத்த பிறகே பாரம் ஏற்ற வேண்டும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் விற்பனையான வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை ஊசி போல் பீய்ச்சும் இன்ஜெக்டரும் அதற்கு அளவு சொல்லும் மின்னணுப் பெட்டியும் உள்ளன. இவற்றில் முறுக்கிப் பார்க்க ஸ்க்ரூ தேடக் கூடாது. மீட்டரில் எஞ்சின் விளக்கு அணையாமல் எரிந்தால் கருவி வைத்துப் பார்ப்பவரிடம் செல்ல வேண்டும். விவசாயி தாமே பார்க்கக்கூடியவை பேட்டரி முனைகளின் உப்புக் களிம்பு, ஏர் பில்டர், பிளக், டேங்கிலுள்ள நீர் ஆகிய நான்குதான். இன்ஜெக்டர் வண்டிக்கு நீர் கலந்த பெட்ரோல் இன்னும் பெரிய பகை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் எண்ணற்ற வண்டிகள் நீரில் நின்றன. நீர் வடிந்தவுடன் கிக்கரை உதைத்தவர்கள் எஞ்சினைக் கெடுத்துக்கொண்டார்கள். சிலிண்டரில் நீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். முதலில் பிளக்கைக் கழற்றி, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது, வடித்து மாற்ற வேண்டும். ஒரு முறை மாற்றினால் போதாது, சிறிது நேரம் ஓடியபின் மீண்டும் மாற்ற வேண்டியிருக்கும். ஏர் பில்டர், டேங்க், கார்புரேட்டர் மூன்றையும் வடித்த பிறகே கிளப்ப வேண்டும். புகுந்தது ஏரி நீரோ கடல் நீரோ எனில் நல்ல தண்ணீரில் கழுவுவதை மறுநாளைக்குத் தள்ளக் கூடாது.

அன்றாடக் கழுவலுக்கும் இது பொருந்தும். மீன் இறக்கிய பின் ஏரி நீரில் வண்டியைக் கழுவுவது அழுக்கை எடுத்து உப்பைப் பூசுவதாகும். கரையோரத்தில் நல்ல தண்ணீர் அருமையானதுதான். காட்டுப்பள்ளியிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது என்றால் நிலைமை விளங்கும். ஆனால் வாரம் இருமுறை அரை வாளி நீரில் துணியை நனைத்து, கார்புரேட்டர், பிளக் தொப்பி, வயர் இணைப்புகள், செயின் ஆகியவற்றை மட்டும் துடைத்தால் போதும். துடைத்த பின் வயர் இணைப்புகளில் சிறிது வாஸ்லின் தடவலாம். மீன் கூடைக்கு அடியில் ஓரம் மடித்த தகரத் தட்டோ பிளாஸ்டிக் தட்டோ வைத்து, ஒழுகும் நீரை ஒரு குழாய் மூலம் சக்கரத்திற்கு அப்பால் தரையில் விழச் செய்வது இன்னும் மேல்.

பவர் ஸ்பிரேயர், பெட்ரோல் பம்பு செட், சிறு களை எடுக்கும் கருவி

இக்கருவிகளிலும் இருப்பது அதே வகைக் கார்புரேட்டர்தான். பருவத்திற்கு ஒரு மாதம் ஓடி, மற்ற மாதங்கள் கொட்டகையில் கிடப்பதால் இவற்றின் ஜெட் மோட்டார் சைக்கிளைவிட விரைவில் அடைகிறது. டேங்கிலும் கிண்ணத்திலும் தங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பிசின் மட்டும் துளையில் நிற்கும். தெளிப்பு முடிந்த அன்றே டேங்கை வடித்து, பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றி அரைத் தேக்கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்து, பிளக்கை மாட்டி, தரையில் படாமல் பலகை மேல் வைக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் ஸ்பிரேயருக்குப் பெட்ரோலும் ஆயிலும் கலந்து மீந்த கலவையை அடுத்த பருவத்திற்கென்று பாட்டிலில் மூடி வைப்பதைவிட, அன்றே அதே விகிதத்தில் ஆயில் கேட்கும் மொபெட்டில் ஊற்றித் தீர்த்துவிடலாம்.